மாரியில் ஒரு வயல் வாடி

மாரி காலத்தில் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு யாராவது காட்டோரம் போய்த் தங்குவார்களா என்று ஊரில் பலரும் கேட்டார்கள். கேட்டதில் பிழையில்லை. மட்டக்களப்புப் பகுதிக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழை ஏறத்தாழ 1,700 மில்லிமீற்றர். அதில் பெரும்பங்கு ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையான காலத்திலேயே பெய்துவிடுகின்றது. கூரை ஒழுகாத மூலையைத் தேடிப் பாயைப் போட்டுக்கொள்ளும் நாட்கள் அவை. அந்த நாட்களில்தான், 2009 டிசம்பர் பாடசாலை விடுமுறையில், அம்மா, நான், அப்போது 13 வயதான மகள், 9 வயதான மகன் ஆகிய நால்வரும் வெல்லாவெளிக்கு அப்பால் ஒரு வட்டையில், வயல் வாடியில் 22 இரவுகள் தங்கியிருந்தோம். வட்டை என்று நாங்கள் சொல்வது வயல்வெளியின் ஒரு பெரிய பகுதியை.

வேறு மாவட்டத்துச் சகோதரிகளுக்காக எங்கள் ஊர் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். பெரியகல்லாறு, கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக நடுவில் ஒடுங்கிய நிலத்தில் கிடக்கும் ஊர். கடலிரைச்சலும் கேட்கும், வாவிக் காற்றும் வரும். வேளாண்மை செய்யத்தான் இடம் போதாது. வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. சூரியன் எழும் பக்கத்துக் கரை எழுவான்கரை. படும் பக்கத்துக் கரை படுவான்கரை. எழுவான்கரையில் வீடும் தென்னையும், படுவான்கரையில் வயலும் மாட்டுப்பட்டியும் என்பது எங்கள் பக்கத்துப் பல குடும்பங்களின் பழைய ஒழுங்கு. விதைப்புக்கு வாவி கடந்து போகும் ஆண்கள் வாடிகளில் கிடந்து காவல் காத்து, மாசியில் வெட்டி முடித்த பிறகுதான் வீட்டில் நிம்மதியாகப் படுப்பார்கள். பெண்கள் சோறு கட்டிக் கொடுத்து அனுப்புவதோடு சரி. என் அம்மம்மாவின் காலத்தில் களவெட்டிக்குள் பெண்கள் கால் வைப்பதே இல்லையாம். அந்த வயலின் உரிமை அவவுடைய பெயரில்தான் இருந்தது என்பது வேறு கதை!

1990 ஜூனில் மீண்டும் மூண்ட யுத்தத்தோடு அந்த வாவியே எல்லையாயிற்று. எழுவான்கரை இராணுவத்தின் கட்டுப்பாட்டிலும், படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டிலும் இருந்த ஆண்டுகள் நீளமானவை. வயல் அங்கே, நாங்கள் இங்கே. சில ஆண்டுகள் விதைத்தோம். பல ஆண்டுகள் புல் விளைந்தது. 2007 மார்ச்சில் படுவான்கரை மக்கள் பல்லாயிரக்கணக்கில் எங்கள் பக்கம் ஓடி வந்து பாடசாலைகளிலும் கூடாரங்களிலும் இருந்தார்கள். இதை வாசிப்பவர்களில் சிலர் அந்தக் கூடாரங்களில் இருந்தவர்களாகவே இருக்கலாம்.

எங்கள் வயல் இரண்டு ஏக்கர். தாய்வழியில் சீதனமாக இறங்கி வந்தது. அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து மகளுக்கு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் கணவர் 2006ஆம் ஆண்டு வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. தையல் மெசினை வைத்து இரண்டு பிள்ளைகளையும் படிப்பித்துக்கொண்டிருந்த எனக்கு, யுத்தம் முடிந்த 2009இல் அந்த வயலைப் பற்றி ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. ஒருவர் விலைக்குக் கேட்டார். இன்னொருவர் ஐந்து வருடக் குத்தகைக்குக் கேட்டார். குத்தகைக்குக் கேட்டவர், கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டில் பயிர் செய்பவர் என்று தன்னுடைய பெயரைப் போட்டுத்தர வேண்டும் என்றார். அந்நாளில் 50 கிலோ உர மூடை 350 ரூபாய் மானிய விலைக்குக் கிடைத்தது. அந்தப் பதிவு இருந்தால்தான் உரம் எடுக்கலாம். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வைக்கப்படும் பதிவேடு அது. ஐந்து வருடம் இன்னொருவர் பெயர் கிடந்தால் ஆறாம் வருடம் யாருடைய வயல் என்று கதை வரும் என்று அம்மா பயந்தார்.

"விக்கிறதெண்டாலும் மறுகா விப்பம். இந்த ஒரு மாரிக்கு நாமளே செய்து பாப்பம்" என்றார்.

அம்மம்மாவின் காலத்து முல்லைக்காரரின் மகன் ஒருவர் வெல்லாவெளிப் பக்கம் இருந்தார். முல்லைக்காரர் என்பவர் வயல் வேலையை முன்னின்று நடத்துபவர். ஐப்பசியில் அவர் உழவித்து, மூன்றரை மாத நெல்லை விதைப்பித்துத் தந்தார். காவலுக்கு ஆள் பிடித்தால் வருகிற நெல்லில் பாதி கூலிக்கே போய்விடும் என்று அவரே சொல்லிவிட்டார். ஆகவே காவலுக்கு நாங்களே போனோம்.

டிசம்பர் 12, சனிக்கிழமை. குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்குப் பாதையில் கடந்தோம். மட்டக்களப்பில் பாதை என்றால் தெருவல்ல. மனிதர், சைக்கிள், மோட்டார் சைக்கிள், ஆடு, மாடு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதக்கும் தட்டு. அதில் எங்கள் சாமான்களும் ஏறின. அரை மூடை அரிசி, தேங்காய், கொச்சிக்காய்த் தூள், கருவாடு, அரிக்கன் லாம்பு இரண்டு, மண்ணெண்ணெய், ரோச் லைட், றெக்சீன் விரிப்பு, உமலில் கட்டிய சட்டி பானை. மகன் தன் கிறிக்கட் மட்டையையும் கொண்டுவந்தான். அந்தச் சேற்றில் யாரோடு விளையாடப் போகிறான் என்று நான் கேட்கவில்லை.

பட்டிருப்புப் பாலத்தால் பஸ்ஸில் போனால் வாவியைத் தரையால் கடக்கலாம். ஆனால் அம்மா பாதையால்தான் போக வேண்டும் என்று நின்றார். மண்டூர் முருகன் கோயிலில் ஒரு கற்பூரம் கொளுத்தாமல் அவர் வயலுக்குப் போகமாட்டார். கரையோரத்துக் கண்ணா மரங்களும் தில்லை மரங்களும் மழையில் கழுவிவிட்டதுபோல் நின்றன. தில்லையின் பால் கண்ணில் பட்டால் கண் போய்விடும் என்று அம்மா மகனுக்குச் சொன்னார். எனக்கும் அதே இடத்தில் அதையே சொல்லியிருக்கிறார்.

மண்டூரிலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் போனோம். கடைசி ஒன்றரைக் கிலோமீற்றர் வரம்பால் நடை.

வாடி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. காட்டுக் கம்புகள் ஆறு நட்டு, கிடுகு வேய்ந்து, மூன்று பக்கம் மட்டும் அடைத்த கொட்டில். தரையில் ஒரு முழ உயரத்துக்குக் களிமண் போட்டு மெழுகிய திண்ணை. வெள்ளம் ஏறினால் இருப்பதற்காக உள்ளேயே தடிகளால் ஒரு பரண். வாடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு மருத மரம். அதன் கவரில் காவலுக்கு ஓர் அட்டாளை. அட்டாளை என்பது உயரத்தில் கட்டும் காவற்பரண். அட்டாளைச்சேனை என்ற ஊர்ப்பெயரில் இருப்பதும் இந்தச் சொல்தான். சுற்றிலும் கண்ணெட்டும்வரை பச்சை. மேற்கே அந்தப் பச்சை முடியும் இடத்தில் காடு கறுப்பாகத் தொடங்கும்.

நோர்வேயில் இருக்கும் என் மச்சாள் ஒருமுறை ஒரு படம் அனுப்பியிருந்தாள். பனிக் காலத்தில் அங்குள்ளவர்கள் குடும்பமாக மலைக்காட்டுக்குப் போய் மரக்குடில்களில் தங்குவார்களாம். சிலவற்றில் மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இராதாம். நாலு இலட்சத்துக்கும் அதிகமான குடில்கள் அந்த நாட்டில் உள்ளன. அம்மா அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வாடிதானேகா. யானை வராத இடத்தில என்னத்துக்கு வாடி?" என்று கேட்டார்.

பகல்கள் நல்லவை. அதை நான் எதிர்பார்க்கவில்லை. விடியும்போது வயல் மேல் வெண்புகைபோல் பனி நிற்கும். ஆள்காட்டிக் குருவி கத்திக்கொண்டே இருக்கும். தூரத்துக் கோயிலில் திருவெம்பாவைச் சங்கு ஊதுவது மழையில்லாத விடியல்களில் கேட்கும். வாய்க்காலில் கரப்பு வைத்தால் பனையானும் கெளிறும் யப்பான் மீனும் விழும். அம்மா அதைப் புளியாணம் காய்ச்சுவார். பட்டிக்காரர் ஒருவர் இரண்டு நாளைக்கொருமுறை எருமைத் தயிர் கொண்டுவந்து, காசுக்குப் பதில் தேங்காய் வாங்கிப் போனார். வரம்பில் பொன்னாங்காணியும் வல்லாரையும் கிடந்தன. சந்தையில் காசு கொடுத்து வாங்கிய கீரையைச் சும்மா பிடுங்குவதில் மகளுக்கு அப்படி ஒரு சந்தோசம்.

கஷ்டங்களையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆண்கள் எழுதும் வயற்கதைகளில் இவை வருவதில்லை. மலசலகூடம் இல்லை. மண்வெட்டியோடு வெளிச்சத்திலேயே போய் வர வேண்டும். குளிக்க வாய்க்காலோரம் கிடுகால் ஒரு மறைப்புக் கட்டினோம். மாதவிலக்கு நாட்களில் துணி காயவே காயாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டி இரவில் காயவைத்தோம். மகளுக்கு வெட்கம். அம்மா, "இஞ்ச ஆர் பாக்கிற? கொக்கா?" என்று சிரிப்பித்தார். குடிதண்ணீரைக் கொதிக்கவைத்தே குடித்தோம். அட்டை கடிக்கு உப்பும், பாம்புக்கு வெளிச்சமும் எப்போதும் கையில் இருந்தன. இரவில் ரோச் அடிக்காமல் ஒரு அடி வைக்கக்கூடாது என்பது சட்டம்.

ஆனால் வாடிக்குப் போனது இரவுக்காகத்தான்.

நெல் குடலை தள்ளும் பருவம் அது. கதிர் தண்டுக்குள் இருக்கும்போது அதன் இனிப்பு யானைக்குத் தெரியும் என்பார்கள். 2011 ஓகஸ்டில் நாடு முழுவதும் எடுத்த கணக்கில் 5,879 யானைகள் இருந்தன. காடுகள் வெட்டப்பட்டுக் குடியேற்றங்களும் வயல்களுமாக, அவை நடந்து திரிந்த வழிகள் பல அடைபட்டுவிட்டன. 2019 என்ற ஒரே ஆண்டில் இந்த நாட்டில் 405 யானைகளும், யானைகளால் 121 மனிதர்களும் இறந்தார்கள். படுவான்கரையில் இன்றும் இது தீராத பிரச்சினை. வயலுக்குள் அதிகம் இறங்குவது கூட்டமாக வரும் பெண் யானைகளும் குட்டிகளும் அல்ல. தனியன் என்று சொல்லும் ஆண் யானைதான். அம்மா இரவில் யானை என்ற சொல்லையே சொல்லமாட்டார். "பெரியவர்" என்பார்.

டிசம்பர் 16 அமாவாசை. அடுத்த நாள் இரவு, ஒரு மணி இருக்கும், மேற்கு வரம்பில் தடி முறிகிற சத்தம் கேட்டது. பிறகு சேற்றில் கால் இழுக்கும் சத்தம். "ளொப், ளொப்" என்று, அவசரமே இல்லாமல்.

நான் எழும்பித் திரும்பிப் பார்த்தபோது மகள் லாம்பை நூர்த்துவிட்டிருந்தாள். தம்பியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, அடைத்த பக்கத்துத் தட்டியோடு ஒட்டிக் குந்தியிருந்தாள். அவள் கண்கள் மட்டும் தெரிந்தன.

இதை வாசிக்கும் தாய்மாருக்கு நான் விளக்கத் தேவையில்லை. இரவில் சத்தம் கேட்டால் என்ன செய்யவேண்டும் என்று பிள்ளைகளைப் பழக்கியவர்கள் நாங்கள்தான். விளக்கை நூர். வாயைத் திறக்காதே. நாய் குரைத்தால் மூச்சையும் அடக்கு. யாரும் இல்லாத வீடுபோல் இரு. அவள் எல்லாவற்றையும் சரியாகவே செய்தாள். வாடியில்தான் அது எல்லாம் தலைகீழ். யானைக்கு ஆள் இருப்பது தெரிய வேண்டும். வெளிச்சம் வேண்டும், நெருப்பு வேண்டும், சத்தம் வேண்டும். ஒளித்திருப்பவனின் கொட்டிலில் அரிசி மணந்தால் தட்டியைப் பிரித்துத் துதிக்கையை உள்ளே விடும்.

அம்மா அணைந்து கிடந்த கட்டையில் மண்ணெண்ணெயை ஊற்றிக் கொளுத்தினார். வாசலில் நின்று, இரண்டு கையையும் வாயருகில் குவித்து, "ஊ... ஊ..." என்று ஒரு கூவல் கூவினார். 62 வயது அம்மாவிடம் அப்படி ஒரு சத்தம் இருந்தது எனக்குத் தெரியாது. நான் தகரத்தை எடுத்து அடித்தேன். சற்று நேரத்தில் அடுத்த வாடியிலிருந்து ஒரு கூவல். அதற்கப்பால் இன்னொன்று. அதற்கும் அப்பால், ஆள் இருப்பதே தெரியாத இருட்டிலிருந்து இன்னொன்று. வட்டை முழுவதும் ஒருவர் பின் ஒருவராய் நெருப்பு தெரிந்தது.

"நீயும் கூவு புள்ள" என்றார் அம்மா. மகள் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. "அவரும் பிள்ளையார்தான் மனே. அவருக்கும் வயிறு இருக்கு. இஞ்ச ஆள் இருக்கு, அங்கால போ எண்டு சொல்லு. கோவிக்கமாட்டார்." இரண்டாம் முறை பூனைக்குட்டிபோல் ஒரு சத்தம் வந்தது. மூன்றாம் நான்காம் முறை என்னவோ நடந்தது. அவள் அழுதுகொண்டே கூவினாள். பிறகு அழாமல் கூவினாள். யானை வரம்பு கடந்து காட்டுப் பக்கம் திரும்பிய பிறகும் நிறுத்தவில்லை. நானும் அம்மாவும் அவளை நிறுத்தச் சொல்லவுமில்லை.

அதன் பிறகு ஐந்து முறை பெரியவர் வந்தார். வனஜீவராசிகள் திணைக்களம் கொடுக்கும் யானை வெடியை முல்லைக்காரரின் மகன் கொண்டுவந்து தந்தார். நாங்கள் அதை வாங்கவில்லை. அந்தச் சத்தத்தை எங்களில் ஒருவராலும் தாங்க ஏலாது. தகரமும் நெருப்பும் கூவலும் போதும் என்று விட்டோம். அதனால் இழப்பும் இருந்தது. கிழக்கு மூலையில் கால் ஏக்கர் அளவு ஒரே இரவில் மிதிபட்டது.

முதல் கூவலுக்குப் பதில் சொன்ன அடுத்த வாடியில் இருந்ததும் ஒரு பெண்தான் என்று மறுநாள் காலையில் தெரிந்தது. அவவை நான் மாமி என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டேன். 37ஆம் கொலனிப் பக்கத்தவர். இரண்டு மகள்மார் தாயோடு வாடியில். மூத்த மகன் வெளிநாட்டில். மாமியின் கவலை யானையல்ல, காணியின் பெர்மிட். எங்கள் வயல் உறுதிக் காணி. அவர்களுடையது அரசாங்கம் அவவின் கணவர் பெயருக்குக் கொடுத்த பெர்மிட் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, பெர்மிட்காரர் பின்னுரித்தாளரின் பெயரைக் குறிக்காமல் இறந்தால், மனைவி உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கலாம். அதற்குப் பிறகு பிள்ளைகளில் ஆண்களுக்கே முதலிடம். "காவல் காக்கிறது இவளுகள். காணி போறது கட்டாருக்கு" என்று மாமி சொல்வார். அந்த ஒழுங்கு 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தில்தான் மாறி, ஆண் பெண் வேறுபாடு நீங்கியது. பெர்மிட் காணி உள்ள சகோதரிகள் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் போய், பின்னுரித்து யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கணவர் இருக்கும்போதே பார்ப்பது இன்னும் நல்லது.

டிசம்பர் 26ஆம் திகதி மாலை மழை விட்டிருந்தது. சுனாமி வந்து அன்றோடு ஐந்து வருடம். கல்லாற்றில் ஒவ்வொரு தெருவிலும் அந்த நாளுக்கு விளக்கு எரியும். நாங்கள் மருத மரத்தடியில் குப்பி விளக்குகளைக் கொளுத்தி வைத்தோம். மகன் பெயர்களைச் சொல்லச் சொல்ல, மகள் எண்ணி எண்ணி வைத்தாள். மாமி வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், தன் வாடிக்குப் போய் இன்னும் இரண்டு விளக்குக் கொண்டுவந்தா. அவை யாருக்கு என்று நாங்களும் கேட்கவில்லை.

கடைசி வாரத்தில் மூன்று நாள் விடாமல் பெய்தது. வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடியது. வாடித் திண்ணையின் விளிம்புவரை ஏறி, நல்லவேளையாக அங்கேயே நின்றது. அந்த மூன்று நாளும் பரணில் நால்வரும் குந்தியிருந்து, அம்மா சொன்ன கதைகளைக் கேட்டோம். 1957 டிசம்பர் பெருவெள்ளம், 1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளி என்று அவருடைய கதைகள் எல்லாம் மாரியில்தான் நடக்கும். சூறாவளி இரவில் அவரும் அப்பாவும் நெல் மூடைகளுக்கு நடுவே படுத்திருந்து தப்பியதை, சிரிப்பு வருகிற மாதிரிச் சொன்னார். எனக்கு அந்தக் கதை புதிது.

ஜனவரி 3ஆம் திகதி பாடசாலைக்காக ஊருக்குத் திரும்பினோம். அறுவடைவரையான காவலை மாமியும் மகள்மாரும் எங்களுக்கும் சேர்த்துப் பார்த்தார்கள்; வெட்டு முடிந்ததும் நான்கு மூடை நெல் கொடுத்தோம். மாசியில் எங்கள் இரண்டு ஏக்கரில் 41 மூடை கிடைத்தது. நல்ல வருடத்துக்கு அது குறைவு. உழவு, விதை, உரம், வெட்டுக்கூலி எல்லாம் போக, சாப்பாட்டுக்குப் பத்து மூடையும் கையில் கொஞ்சக் காசும் மிஞ்சின. விலைக்குக் கேட்டவருக்கு அம்மா இல்லை என்று சொல்லி அனுப்பினார்.

2011 ஜனவரி வெள்ளத்தில் அந்த வாடி இருந்த இடமே தெரியாமல் போனது. அந்தப் போக வேளாண்மையும் அழிந்தது. பிறகு கட்டியதைத் தனியன் ஒன்று சரித்துவிட்டது. இப்போது இருப்பது மூன்றாவது வாடி. தகரக் கூரை, சூரிய சக்தி விளக்கு, பக்கத்தில் ஒரு மலசலகூடம். அம்மா இப்போது இல்லை. வயல் மகளின் பெயருக்கு எழுதப்பட்டிருக்கிறது; அவள் தன் கைக்குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு வாடிக்குப் போய் வருகிறாள். வட்டையில் ஆறு வாடிகளின் பெண்கள் காவலை நாள் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வாடிக்குச் செவ்வாயும் வெள்ளியும்.